விரல் அறியாப் பெருமை

ஒரு கலை யாருக்கு உரியது என்னும் வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்படுவதுண்டு. அதனை முதன்முதல் கண்டவர்தம் மரபினர்க்கே உரியது என்பது ஒன்று. அதனை இன்று பயின்று, நாளை பிறர்க்குப் பயிற்றுவிப்பவர்க்கே உரியது என்பது மற்றொன்று. முதல் விடை செவிக்கு இனியது, மேடைக்கு ஏற்றது, கைதட்டலை எளிதில் ஈட்டித் தருவது. இரண்டாம் விடையோ கசப்பானது. ஏனெனில் அஃது உழைப்பைக் கேட்கிறது. தமிழர் கூடும் மன்றங்களில் முதல் விடையே ஓங்கி ஒலிப்பதில் வியப்பில்லை. ஆயினும் அவ்விடை பொய்யானது. பொய் என்பதோடு அமையாது, கேடு பயப்பதுமாகும்.

இவ்வழக்கைத் தீர்க்க வேண்டிய இடம் தலைநகரத்து மாநாட்டு மண்டபம் அன்று; காஹாங் போன்ற சிற்றூரே ஆகும். ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து மெர்சிங்குக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்தது அவ்வூர். எண்டாவ் ரொம்பின் காட்டைக் காண வருவோர் அதன் வழியே பேத்தா என்னும் சிற்றூரை நோக்கிச் செல்வர். அத்தகைய ஊரில் வளரும் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் கையில் என்ன இருக்கிறது, நாவில் என்ன இருக்கிறது என்பதே ஓர் இனத்தின் பண்பாட்டுக்கு உண்மையான அளவுகோல். அந்த அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன், தமிழ் மண்ணுக்கு வெகு தொலைவில் வாழ்ந்து மறைந்த ஓர் இசைக்கலைஞரின் வாழ்வைக் காணுதல் நன்று. வழக்கிற்குத் தக்க சான்று அவரிடமே உள்ளது.

அயலார் ஒருவரின் வாழ்வு

அவர் பெயர் ஜெரி பேர்ட். 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லைமா என்னும் ஊரில் பிறந்தார். கடல் காணாத ஊர் அது. அவ்வூருக்கு வந்து கூடாரம் அமைத்துப் பாடிய ஹவாய் இசைக்குழு ஒன்றைச் சிறுவராக இருந்தபோது அவர் கேட்க நேர்ந்தது. அக்குழுவினர் வாசித்த ஸ்டீல் கிட்டாரின் ஒலி அவரை ஆட்கொண்டது. வாழ்நாள் முழுதும் விடவில்லை.

ஸ்டீல் கிட்டார் என்பது மார்போடு அணைத்து வாசிக்கும் கிட்டார் அன்று. அதனை மடியிலோ தாங்கியிலோ கிடத்தி, வலக்கை விரல்களால் தந்திகளை மீட்டி, இடக்கையில் பற்றிய எஃகுத் துண்டை அத்தந்திகளின் மேல் வழுக்கிச் செலுத்துவர். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்திற்குப் படி ஏறுவது போல் ஏறாமல், நீர் வழிவது போல் ஒலி நழுவிச் செல்லும். மனிதக் குரலின் விம்மலும் ஏக்கமும் அதில் கேட்கும். கமகத்தில் ஊறிய தமிழ்ச் செவிக்கு இஃது அயலான ஒலியன்று என்பதை இசை பயின்றோர் உடனே உணர்வர்.

அமெரிக்க நாட்டுப்புறத்து உழைக்கும் மக்களின் பாட்டு கண்ட்ரி இசை எனப்படும். அப்பாட்டின் உயிரொலியாக இந்த ஹவாய்க் கருவி அமைந்துவிட்டது. ஜெரி பேர்ட் வானொலி நிலையங்களிலும் மேடைகளிலும் ரெட் ஃபோலி, எர்னஸ்ட் டப் முதலிய புகழ்பெற்ற பாடகர்களுக்குப் பக்கத்துணையாக வாசித்தார். 1948 டிசம்பரில் சின்சினாட்டி நகரில் ஹேங்க் வில்லியம்ஸ் 'லவ்சிக் புளூஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, அதில் ஸ்டீல் கிட்டாரை வாசித்தவர் பேர்டே. அடுத்த ஆண்டு அப்பாடல் பாடகரை நாடறியச் செய்தது. அதில் அழுத கிட்டார் யாருடையது என்று கேட்டவர் மிகச் சிலர். பக்கவாத்தியக்காரர்க்கு உலகெங்கும் வாய்க்கும் ஊழ் இதுவே போலும்!

1954ஆம் ஆண்டில் காற்று மாறியது. வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்னும் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் என்பவர் மிதிகட்டை பொருத்திய ஸ்டீல் கிட்டாரை வாசித்தார். காலால் மிதித்தால் தந்தியின் சுருதி மாறும் அமைப்பு அது. நாஷ்வில் நகரத்து இசைத்தொழில் முழுவதும் அப்புதிய ஒலியின் பின்னே ஓடியது. பேர்ட் ஓடவில்லை. மிதிகட்டை இன்றி, எஃகுத் துண்டைச் சாய்த்துப் பிடித்துக் கையாலேயே அந்நயங்களை வருவிக்கும் முறையை அவர் கைவிட மறுத்தார். அதனை வறட்டுப் பிடிவாதம் என்பாரும் உண்டு. புதியன புகுதல் வழுவன்று. மிதிகட்டைக் கிட்டாரிலும் பெருங்கலைஞர் தோன்றினர். ஆனால் எல்லாரும் புதியதன் பின் ஓடும்போது பழையதை ஒருவரேனும் கற்றுக் காத்திருத்தல் வேண்டும் என்பதை அவர் வாழ்வின் பிற்பகுதி மெய்ப்பித்தது.

1970களின் தொடக்கத்தில் அவர் நாஷ்வில்லை விட்டு ஹவாய்த் தீவுக்கே குடிபெயர்ந்தார். கருவி பிறந்த மண்ணில் அவர் கண்டது என்ன? மூத்த கலைஞர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர். இளைஞர் அக்கருவியைத் தொடவில்லை. சுற்றுலாப் பயணிகளை மகிழ்விக்கும் விடுதிப் பாட்டு என்று அதனைத் தள்ளினர். ஒஹாயோவில் பிறந்த அந்த வெள்ளையர் ஹவாய் இளைஞர்களை உட்கார வைத்து அவர்தம் மூதாதையர் கருவியை அவர்களுக்கே கற்பித்தார். ஆலன் அக்காக்கா முதலிய மாணவர்கள் அவரிடம் பயின்று, பின்னர்த் தாமே ஆசிரியர் ஆயினர். 1978இல் ஸ்டீல் கிட்டார்க் கலைஞர்க்கான புகழ்மன்றம் தன் முதல் உறுப்பினராக அவரையே ஏற்றது. 2005இல் ஹொனலூலுவில் அவர் மறைந்தபோது, அக்கருவி அம்மண்ணில் அறுந்துபோகாத தொடர்ச்சியை மீண்டும் பெற்றிருந்தது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழும். 'கொள்ளையடித்த இனத்தார் ஒருவரே வந்து மீட்டுக் கொடுத்தார் என்று புகழ்வது முறையா?' என்று கேட்பர். முறையான கேள்விதான். ஹவாய் அரசு 1893இல் கவிழ்க்கப்பட்டது. 1898இல் அந்நாடு அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. இடையே 1896இல் ஆங்கிலமே பள்ளிகளின் பயிற்றுமொழி என்று சட்டம் செய்யப்பட்டது. தாய்மொழி பள்ளியிலிருந்து விரட்டப்பட்டது. அம்மக்களின் இழப்புக்கு அவர்களே முழுப் பொறுப்பு என்று கூறுவது அறமன்று.

ஆயினும் இரண்டு உண்மைகளை மறத்தலாகாது. முதலாவது, பேர்ட் மீட்பராக வந்தவர் அல்லர். கடன் தீர்க்க வந்தவர். சோல் ஹூப்பி, டிக் மெக்கின்டயர் முதலிய ஹவாய்க் கலைஞர்களின் இசைத்தட்டுகளே அவர்க்கு ஆசான்கள். அவர்களிடம் கற்றதை அவர்தம் மக்களிடம் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவே. இரண்டாவது, மொழியைத் தடுத்த சட்டம் இருந்தது. கிட்டாரைத் தடுத்த சட்டம் எதுவும் இல்லை. கற்பிப்பாரும் கற்பாரும் குறைந்தமையாலேயே அக்கருவி தளர்ந்தது.

அம்மக்கள் தம் மொழியை மீட்ட முறையும் இதனையே அறிவுறுத்துகிறது. 1980களின் தொடக்கத்தில், சரளமாக ஹவாய் மொழி பேசும் பிள்ளைகள் ஐம்பது பேர்கூடத் தேறமாட்டார்கள் என்ற நிலை வந்தது. பழம்பெருமை பேசி அவர்கள் பொழுதைக் கழிக்கவில்லை. 1978இல் தம் மொழியை மாநில ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கினர். 1984இல் முழுவதும் தாய்மொழியிலேயே நடக்கும் பாலர் பள்ளியைப் பெற்றோரும் ஆசிரியருமே தொடங்கினர். 1986இல் பள்ளிகளில் நிலவிய பழைய தடை நீங்கியது. பிள்ளையின் நாவில் மொழி ஏறிய பிறகே அம்மொழிக்கு வாழ்வு வந்தது.

முதன்மை பேசும் நோய்

இனித் தமிழர் பக்கம் திரும்புதல் வேண்டும். ஸ்டீல் கிட்டாரின் கதையைக் கேட்டவுடன் தமிழ் மேடைப் பேச்சாளர் ஒருவர் என்ன சொல்வார் என்பது அறிந்ததே. 'அதுவும் நம்முடையதே!' என்பார். அவர்க்குத் துணையாக ஒரு செய்தியும் உண்டு. எஃகைக் கொண்டு கிட்டார் வாசிக்கும் முறையை 1889ஆம் ஆண்டளவில் கண்டவர் ஹவாயைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஜோசப் கெகூகூ என்பதே பெருவழக்கு. அவர்க்கு முன்பே, இந்தியாவில் பிறந்தவன் என்று சொல்லப்படும் கேப்ரியேல் டேவியன் என்னும் இளைஞன் அத்தீவில் அவ்வாறு வாசித்தான் என்னும் கூற்றும் நிலவுகிறது. இவ்வொரு நூலைப் பற்றிக்கொண்டு, தமிழகத்துக் கோட்டுவாத்தியமே ஹவாய்க்குக் கப்பல் ஏறியது என்று முழங்கிவிடலாம். கூட்டமும் ஆர்ப்பரிக்கும்.

அக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, 'ஐயா, தாங்கள் கோட்டுவாத்தியத்தை நேரில் கேட்டதுண்டா?' என்று வினவினால் விடை என்னவாகும்? வீணையின் உருவும், மெட்டுகள் இல்லாத தண்டியும், வழுக்கி வாசிக்க ஒரு கட்டையும் கொண்ட அவ்வரிய கருவியைக் கச்சேரி மேடைக்குக் கொணர்ந்த பெருமை திருவிடைமருதூர் சகாராம ராவைச் சேரும். செம்மங்குடி சீனிவாச ஐயரும் இளமையில் அவரிடம் பயின்றவரே. அவர்தம் மாணவர் நாராயண ஐயங்கார் (1903–1959) அக்கருவியின் அமைப்பைத் திருத்தி வளப்படுத்தினார். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் (1894–1978) கலாட்சேத்திரத்தில் இசை கற்பித்தார். நாராயண ஐயங்காரின் பேரர் ரவிகிரண் சித்திரவீணை என்னும் பெயரில் அதனை உலக மேடைகளுக்கு எடுத்துச் சென்றார். இவ்வாறு பெயர் சொல்லி எண்ணிவிடக் கூடிய நிலையே அக்கருவியின் அவலத்தைக் காட்டவில்லையா? வீணைக்கும் வயலினுக்கும் மாணவர் நிரம்பி வழிய, கோட்டுவாத்தியத்திற்கு வகுப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

வடநாட்டார் செய்ததையும் காண்க. ஹவாயில் வளர்ந்த டாவ் மோ என்னும் கலைஞர் 1929இல் இந்தியாவுக்கு வந்து வாசித்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கிக் கற்பிக்கவும் செய்தார். அங்கு அக்கருவி வேர்விட்டது. பிரிஜ்பூஷண் காப்ரா அதனை இந்துஸ்தானி இராகங்களுக்குப் பழக்கினார். 1967இல் வெளிவந்த 'பள்ளத்தாக்கின் அழைப்பு' என்னும் இசைத்தட்டில் சந்தூரோடும் குழலோடும் அவர் கிட்டார் இணைந்து ஒலித்தது. விசுவமோகன் பட் அக்கருவிக்கு மேலும் தந்திகள் சேர்த்து மோகனவீணை எனப் பெயரிட்டு, 1994இல் அமெரிக்காவின் கிராமி விருதையும் வென்றார். அவர்களின் பெருமை அது எங்கே பிறந்தது என்ற ஆராய்ச்சியால் வந்ததன்று. நாளும் செய்த சாதகத்தால் வந்தது.

தமிழர்க்கும் இவ்வுண்மை ஒருகாலத்தில் தெரிந்திருந்தது. ஐரோப்பியரின் பிடிலைப் பாலுசாமி தீட்சிதரும் வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டில் கையில் எடுத்தபோது, அதன் பிறப்புச் சான்றை யாரும் கேட்கவில்லை. அமர்ந்து, அணைப்பை மாற்றி, கமகத்தை அதில் ஏற்றினர். இன்று பிடில் இல்லாத கச்சேரியை எண்ணிப் பார்த்தல் அரிது. அது தமிழரின் கருவி ஆனது முழக்கத்தாலா? விரலாலா?

காஹாங்கின் இரு மாணவர்கள்

மீண்டும் காஹாங் போன்ற தோட்டத்து ஊர்களுக்கு வருதல் வேண்டும். அங்கே இருவகை மாணவரைக் காணலாம். ஒருவன் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் வாசிப்பவன். வளைந்த குச்சியால் தோலை உரசி, அவன் எழுப்பும் முனகல் ஒலியும் வழுக்கி எழும் ஒலியே. அவனுக்கு அதைக் கற்பித்தவர் பல்கலைக்கழகத்தார் அல்லர். தோட்டத்து மூத்த இளைஞர். பாடநூல் இல்லை, சான்றிதழ் இல்லை. கற்றோர் பலர் அதனைக் கூச்சல் என்று இகழவும் செய்வர். ஆயினும் அக்கலை வாழ்கிறது. ஏன்? ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்கு அது மாறிக்கொண்டே இருப்பதால் வாழ்கிறது. ஜெரி பேர்ட் ஹொனலூலுவில் செய்தது எதுவோ, அதனையே பெயரற்ற அந்த உறுமிக்காரர்கள் செம்பனைக் காடுகளுக்கு நடுவே செய்துவருகின்றனர்.

மற்றொருவன் பேச்சுப்போட்டிக்குச் செல்லும் மாணவன். தமிழின் தொன்மை, தமிழிசையின் முதன்மை, யாழின் மாட்சி ஆகியவற்றை ஐந்து நிமிடம் தடையின்றி முழங்குவான், பரிசும் பெறுவான். அவன் முழங்கிய சொற்களை எழுதியவர் யார்? பெரும்பாலும் ஆசிரியர். மாணவன் மனப்பாடம் செய்தான், ஒப்புவித்தான். யாழைப் புகழ்ந்தவன் ஒரு தந்தியையும் தொட்டதில்லை. அவன் தாத்தா விடியற்காலையில் பால்மரம் சீவச் சென்ற கதையை ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டால், எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு திகைப்பான். பெருமை நாவில் இருக்கிறது. கையில் ஒன்றும் இல்லை.

இது மாணவனின் குற்றமன்று. பெருமையை ஒப்புவிக்கக் கற்பித்து, திறமையைப் பழக்க மறந்த கல்விமுறையின் குற்றம். இதற்குக் காட்டப்படும் காரணங்களும் தெரிந்தவையே. தேர்வு என்றனர். ஆறாம் ஆண்டில் எழுதப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. காரணம் போயிற்று, பழக்கம் போகவில்லை. பணம் இல்லை என்றனர். உறுமி மேளத்தைத் தோட்டத்தார் எந்த மானியத்தைக் கொண்டு காத்தனர்? நேரம் இல்லை என்றனர். பேச்சுப்போட்டிக்கு வாரக்கணக்கில் மனப்பாடம் செய்விக்க மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது?

இவ்வாறு கூறுவதால் ஆசிரியர்தம் அருந்தொண்டு மறுக்கப்படவில்லை. 1816இல் பினாங்கில் தொடங்கிய வகுப்பு முதல் இன்றுள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் வரை, இந்நாட்டில் தமிழ் நிற்பது அவர்தம் தோளின் மீதே. ஹவாய் மக்களுக்கு ஒருகாலத்தில் சட்டம் மறுத்ததை மலேசியத் தமிழர் இடையறாது பெற்று வருகின்றனர். அதனாலேயே பொறுப்பும் மிகுகிறது. பள்ளி இருந்தும் மொழி கையில் இல்லை என்றால் பழி சொல்லச் சட்டமும் இராது, வெள்ளையரும் இரார்.

செய்ய வேண்டுவது

செய்ய வேண்டுவது பெரிதன்று. எந்தக் கலையை வகுப்பில் புகழ்கின்றனரோ, அதனை மாணவர் ஒருமுறையேனும் காதால் கேட்கச் செய்தல் வேண்டும். கோட்டுவாத்தியத்தின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அதன் ஒலிப்பதிவையும் வகுப்புக்குக் கொண்டு வருக. கேளாத இசையைப் புகழச் சொல்வது பொய்யுரைக்கப் பழக்குவதாகும். ஊரில் உறுமி வாசிக்கும் மூத்தவரைப் பள்ளிக்கு அழைத்து, அவர்க்கு ஆசிரியர்க்குரிய நாற்காலியை இடுக. பேச்சுப்போட்டியில் மாணவன் தானே எழுதிய உரையை மட்டுமே ஏற்பது என்று விதி செய்க. அவ்வுரை சிறிதாக இருக்கட்டும், பிழையோடும் இருக்கட்டும். பிழையைத் திருத்த ஆசிரியர் உண்டு; எழுதாததை எவரால் திருத்த இயலும்? ஒன்று கற்றவன் ஒருவனுக்கேனும் அதனைக் கற்பித்த பின்னரே முழுமையாகக் கற்றவன் ஆவான் என்பதைப் பள்ளியின் ஒழுக்கமாக ஆக்குக.

இவற்றைச் செய்யாது பழம்பெருமையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் விளைவு என்னவாகும் என்பதற்கு ஹவாயின் கதை எச்சரிக்கையாக நிற்கிறது. கடல் காணாத ஊரில் பிறந்த அயலார் ஒருவர், தம் முதுமை நெருங்கும் காலத்தில் கடல் கடந்து வந்து, மண்ணின் மைந்தர்க்கு அவர்தம் கருவியைக் கற்பிக்க வேண்டியதாயிற்று. ஹவாய் மக்களுக்கு அவ்வாறு ஒரு ஜெரி பேர்ட் வாய்த்தார். ஒவ்வோர் இனத்திற்கும் ஒருவர் வாய்ப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

காஹாங்கின் சிறுவனுக்குத் தமிழைக் கற்பிக்க எங்கிருந்தோ ஓர் அயலார் வரும் நாள் வருதல் வேண்டா. அந்நாளைத் தடுக்க வல்லவர் மேடைப் பேச்சாளர் அல்லர். நாளைக் காலை அவன் வகுப்பறையில் நுழையும் ஆசிரியரே. அவர் அவன் நாவில் மேலும் ஒரு பெருமையை ஏற்றுவாரா, அவன் விரலில் ஒரு திறமையைப் பழக்குவாரா என்பதைப் பொறுத்தே, தமிழ் யாருக்கு உரியது என்னும் வழக்கின் தீர்ப்பும் அமையும்.